பச்சைப் பொட்டு எங்கிருந்து வருகிறது?

இரவில் தெருவிளக்கையோ திருவிழாச் சீரியல் லைட்டையோ போனில் படம் எடுத்தால், இருட்டு வானத்தில் பச்சையாக ஒரு பொட்டு வந்து உட்கார்ந்திருக்கும். கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். காரணத்தை அந்தப் படமே காட்டிக்கொடுக்கும். விளக்கிலிருந்து படத்தின் மையம் வழியாக மனசுக்குள் ஒரு கோடு இழுங்கள். பொட்டு எதிர்ப்பக்கத்தில், பெரும்பாலும் அதே தூரத்தில் இருக்கும். போனை அசைத்து விளக்கை மேலே கொண்டுபோனால் பொட்டு கீழே இறங்கும். தூசியும் கீறலும் இப்படிக் கணக்காக நகராது. லென்ஸ்களுக்கும் சென்சாருக்கும் நடுவே எதிரொளித்துத் திரும்பும் விளக்கின் ஒளிதான் அது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் இயற்பியலாளர் ஸ்மகுலா உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் வழிவந்தவைதான் இன்றும் அதைக் குறைக்கின்றன. அரை சதவீதமாகக் குறைந்ததாக வைத்துக்கொண்டால், இரண்டு முறை எதிரொளித்தபின் மிஞ்சுவது 40,000-இல் ஒரு பங்கு. அதுவே கண்ணில் படுகிறதென்றால், விளக்குக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு! பூச்சு எல்லா நிறத்தையும் ஒரேபோல அடக்குவதில்லை. அடங்காமல் தப்பிய நிறமே பொட்டின் நிறம்.

'லட்ச ரூபாய் போனிலும் வருகிறதே' என்பீர்கள். வரும். நல்ல கேமராவில் லென்ஸ்கள் கூடுதல், எதிரொளிக்கும் பரப்புகளும் கூடுதல். ஆனால் படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி வெளுத்தாலோ, விளக்கிலிருந்து நீளக் கோடு பாய்ந்தாலோ முதலில் நம் விரலைத்தான் சந்தேகிக்க வேண்டும். சட்டையில் துடைத்தேனே என்றால், சட்டை விரலின் எண்ணெய்ப் பசையை எடுக்காது, மெல்லிய வரிகளாக இழுத்துவிடும். மேலும் கீழுமாகத் துடைத்தால் ஒளிக்கோடு பக்கவாட்டில் பாயும். பக்கவாட்டில் துடைத்துப் பாருங்கள், கோடும் திரும்பி நிற்கும். துடைக்க மூக்குக்கண்ணாடித் துணி போதும். கேமராமேல் ஒட்டக் கடையில் விற்கும் கண்ணாடி வில்லை கீறலைத் தடுக்கலாம், ஆனால் எதிரொளிக்க இன்னும் இரண்டு பரப்பைச் சேர்த்துவிடும். பொட்டுக்குப் பயந்து அதை வாங்குவது வீண் செலவு. சாஃப்ட்வேர் அழித்துவிடாதா? பொட்டை அழிக்கும், வெளுப்பில் கரைந்துபோன நுணுக்கங்களை முழுசாக மீட்காது.

சரி, பொட்டைத் தவிர்ப்பது எப்படி? விளக்கு படத்துக்கு வெளியே இருந்தால் உள்ளங்கையால் மறையுங்கள். உள்ளே இருந்தால் போனைச் சற்றுச் சாய்த்துப் பொட்டை வெளிச்சமான சுவர்மேல் தள்ளிவிடுங்கள். அங்கே அவ்வளவாகத் தெரியாது. வரும் கார்த்திகைக்கு உங்கள் தீபப் படங்கள் பொட்டில்லாமல் வரட்டும்.