படிப்பகத்தின் சாவி யாரிடம்?

(புதுச்சேரி முதலியார்பேட்டையில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற மில் தொழிலாளித் தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)



மழை வரும்போல் இருக்கிறது. பின்னால் நிற்கிற தோழர்கள் கொட்டகைக்குள்ளே வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. நாற்று நடவிலிருந்து நேரே வந்திருக்கிற பெண்களுக்கு முன் பக்கம் வழி விடுங்கள்.

புத்தகசாலையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மேடை ஏறும்போது ஒரு தோழர் என் காதோடு கேட்டார்: “கூலியைப் பற்றிப் பேசாமல் புத்தகசாலையைப் பற்றி என்ன அண்ணே பேச்சு?” நியாயமான கேள்வி. அந்தத் தோழர் என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, அதன் பிறகும் இதே கேள்வியைக் கேட்பதானால் கேட்கட்டும்.

2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 24-ம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் அடைப்பு என்றார். நாலு மணி நேர அவகாசம்! அன்றாடங் காய்ச்சிகளுக்கு அது எப்படியிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடை அடைத்தது, பஸ் நின்றது, கூலி நின்றது. நம் ஊரின் ஆங்கிலோ-பிரெஞ்ச் மில், முன்பே ஓட்டம் நின்று கிடந்தது, அதே 2020-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. இவையெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் அப்போது அடைபட்டது. அது பலருடைய கண்ணில் படவேயில்லை. அதுதான் படிப்பகம்.

எங்கள் பக்கத்தில் ஒரு கிளை நூலகம். இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, நாலைந்து பத்திரிகைகள், சுவரோரம் அலமாரிகள். காலை எட்டு மணிக்கு நாங்கள் பத்துப் பேர் கூடுவோம். அதில் நாலு பேருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இரண்டு பேருக்கு அதுவும் வராது. ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம். நடுவில் சண்டையும் உண்டு. “இது பொய்ச் செய்தி”, “இல்லை, மெய்தான்” என்று வாதம் நடக்கும். இரண்டு பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவோம். பள்ளிக்கூடம் போகாத எங்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

அது பூட்டிய மறுநாள் முதல் என்ன நடந்தது? செய்தி வருவது நின்றுவிடவில்லை. டெலிபோனில் வந்தது! கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்றார்கள். கோழி விலை அடிமட்டத்துக்கு விழுந்தது, வளர்த்தவன் தலையில் துண்டு. பத்திரிகைத் தாளில் கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்றார்கள். பத்திரிகை வாங்கிக்கொண்டிருந்த வீடுகளிலும் நிறுத்திவிட்டார்கள். பொய்யை அடக்குவதற்கு நமக்கு இருந்த ஒரே கருவி, பக்கத்தில் வைத்து ஒப்புப்பார்க்கும் இன்னொரு பத்திரிகை. அதையே கிருமி என்று சொல்லி வீட்டை விட்டு விரட்டினார்கள்.

இது புதுக் கதை அல்ல. திரும்பத் திரும்ப வருகிற கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படித்தான் ஒரு பீதி கிளம்பியது. காசநோயும் செங்காய்ச்சலும் இலவச நூலகப் புத்தகங்கள் மூலம் பரவுகின்றன என்றார்கள். புத்தகங்களை நெருப்பில் போட்டார்கள், புகை போட்டார்கள். தொற்று நோய் கண்டவர் நூலகப் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று 1907-ல் இங்கிலாந்தில் சட்டமே போட்டார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கிய தொழிலாளர் குடியிருப்பும், காற்றுப் புகாத ஆலையும் நோயைப் பரப்பியது உலகறிந்த விஷயம். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது ஏழை கையிலிருந்த புத்தகம்! புத்தகம் வாய் திறந்து பதில் சொல்லாது அல்லவா?

இந்தத் தடவை உண்மை என்ன? அதையும் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். 2020-ல் அமெரிக்காவில் நூலக, அருங்காட்சியக அமைப்புகள் சேர்ந்து சோதனைச் சாலையில் புத்தகங்களின் மேல் வைரஸைத் தடவிப் பார்த்தன. தனித்தனியாகப் பரப்பி வைத்த புத்தகத்தில் மூன்றாம் நாள் வைரஸ் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததில் ஆறு நாளாகியும் இருந்தது. ஆக, திரும்பி வந்த புத்தகத்தை அடுக்காமல் மேஜையில் பரப்பிச் சில நாள் விட்டால் போதும். தீயும் வேண்டாம், புகையும் வேண்டாம். 2021-ல் இன்னும் தெளிவாகிவிட்டது: பொருள்களைத் தொடுவதால் பரவுவது மிகமிகச் சொற்பம், மூடிய அறையில், நெருக்கத்தில், மூச்சுக்காற்றில்தான் இது பரவுகிறது.

ஆகவே படிப்பக அறையை அந்த முதல் வாரங்களில் பூட்டியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரே ஜன்னல், எதிரே வயதானவர்கள். பூட்டத்தான் வேண்டும். ஆனால் தோழர்களே, அறையைப் பூட்டுவது வேறு, நூலகத்தையே நிறுத்திவிடுவது வேறு. பத்திரிகையை வாசல் திண்ணையில் வைக்கலாம்; சுவரில் ஒட்டலாம். புத்தகத்தை ஜன்னல் வழியாகக் கொடுக்கலாம். வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போடலாம். இதற்கெல்லாம் காசு வேண்டாம். மனம் வேண்டும், சாவி வேண்டும். எங்கள் நூலகர் நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டபோது, “மேலேயிருந்து உத்தரவு வரவில்லை ஐயா” என்றார். அது வரவேயில்லை. மாதக்கணக்கில் பூட்டுத் தொங்கியது. திறந்தபோது கீழ்த்தட்டுப் புத்தகங்களைக் கரையான் படித்து முடித்திருந்தது.

எல்லாவற்றுக்குமா உத்தரவு வரவில்லை? பக்கத்துத் தமிழ்நாட்டில் 2020 மே 7-ம் தேதியே மதுக்கடை திறந்தார்கள். இடையில் கோர்ட்டு நிறுத்தியது. மேல் கோர்ட்டுக்குப் போய் அதே மாதத்தில் மீண்டும் திறந்தார்கள். நூலகம் திறந்தது செப்டம்பரில்! நம் புதுச்சேரியிலும் மே 25-ம் தேதி, விலையில் கூடுதல் வரி போட்டுச் சாராயக் கதவு திறந்துவிட்டது. கியூவில் நிற்க வட்டம் போட்டுக் கொடுத்தார்கள், போலீஸ் காவலும் போட்டார்கள். அந்த வட்டத்தைப் படிப்பக வாசலில் போட்டால் சுண்ணாம்பு ஒட்டாதா என்று கேட்கிறேன்.

இனி மற்ற தேசங்களில் என்ன நடந்தது? கனடா தேசத்தில் டொரான்டோ நகரம். அங்கே நூலகக் கட்டடங்கள் மூடின. ஆனால் அதே கட்டடங்களில் சில, ஏழைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் இடங்களாக மாறின. நூலக ஊழியர்கள் அரிசி பருப்பைப் பொட்டலம் கட்டினார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நோய் கண்டவர் யார் யாரோடு பழகினார் என்று கண்டுபிடித்து எச்சரிக்கிற வேலைக்கு நூலகர்களைப் பயிற்றுவித்து அனுப்பினார்கள். ஜனங்களிடம் பதமாகப் பேசி விவரம் கேட்பது அவர்கள் அன்றாடம் செய்கிற தொழில் அல்லவா? நியூசிலாந்தில் ஆக்லாந்து நூலகத்தார், எழுபது வயது தாண்டிய உறுப்பினர்களை ஒவ்வொருவராக டெலிபோனில் கூப்பிட்டு, “சாப்பிட்டீர்களா, மருந்து இருக்கிறதா?” என்று விசாரித்தார்கள். கதவு பூட்டியிருந்தது, நூலகம் வேலை செய்தது!

“அவையெல்லாம் பணக்கார தேசம்” என்பீர்கள். சரி, நம் மாஹேயைச் சுற்றியிருக்கிற கேரளத்துக்கு வாருங்கள். அங்கே பி.என். பணிக்கர் என்ற ஆசிரியர் 1945-ல் 47 வாசகசாலைகளைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். இன்று அங்கே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம நூலகங்கள். சர்க்கார் மான்யம் கொடுக்கிறது. ஆனால் நூலகத்தை நடத்துவது அந்த ஊர் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி. சாவி ஊரிலேயே இருக்கிறது! இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

2020 ஜூன் 1-ம் தேதி கேரளத்தில் டெலிவிஷன் வழியாகப் பள்ளிப் பாடம் ஆரம்பித்தது. கணக்கெடுத்துப் பார்த்தால் சுமார் 2.6 லட்சம் பிள்ளைகள் வீட்டில் டெலிவிஷனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. யாருடைய பிள்ளைகள்? கூலிக்காரன் பிள்ளைகள், மலைவாசிகள் பிள்ளைகள், மீன்பிடிப்பவர் பிள்ளைகள். அவர்களுக்கு எங்கே இடம் பிடித்தார்கள்? அங்கன்வாடிகளிலும் ஊர் வாசகசாலைகளிலும் டெலிவிஷன் பெட்டியை வைத்தார்கள். பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்கார வைத்துப் பாடம் காட்டினார்கள். உத்தரவுக்காகக் காத்துக் கிடக்காத கமிட்டி இருந்ததால், வேலை உடனே நடந்தது.

நம் பக்கத்தில்? மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அதுவும் அப்பன் வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் போய்விடும். ஒன்பதரை மணிக்கு ஆன்லைன் வகுப்பு. அப்பன் திரும்புவதோ இருட்டிய பிறகு. அந்தப் பிள்ளைகள் இரண்டு ஆண்டில் எழுத்தையே மறந்தார்கள். அதைச் சரிக்கட்டத்தான் 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு சர்க்கார், நமக்குப் பக்கத்திலேயே மரக்காணம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்க வேண்டி வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றரை ஆண்டு கழித்து வந்த காரியம்.

தடுப்பூசிக் கதையைக் கேளுங்கள். 2021 மே மாதம். நோய் உச்சத்தில் இருக்கிறது. பதினெட்டு முதல் நாற்பத்து நாலு வயது வரை உள்ளவர்கள் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் முதலில் இன்டர்நெட்டில் பதிவு செய்ய வேண்டுமாம்! கரும்பு வெட்டுகிறவர் எங்கே போய்ப் பதிவார்? மாதக் கடைசி வாரத்தில்தான் நேரில் வந்தாலே போதும் என்று தளர்த்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளருக்கு இ-ஷ்ரம் பதிவு வந்தது. பதிவு இலவசம், ஆனால் தனியார் கடையில் உட்கார்ந்து பதிந்து தர ஐம்பதும் நூறும் வாங்கினார்கள், நானே கொடுத்திருக்கிறேன். ஒரு படிப்பகம், ஒரு கம்ப்யூட்டர், படித்த வாலிபர் ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் எத்தனை பேருக்கு அந்தக் காசு மிஞ்சியிருக்கும்! முன்னே கேள்வி கேட்ட தோழருக்குச் சொல்கிறேன்: இதுவும் கூலிப் பிரச்சினைதான்.

நம் புதுச்சேரிக்கு நூலகம் புதிதா? 1827-லேயே பிரெஞ்சு துரைத்தனம் இங்கே பொது நூலகம் வைத்தது. 1966-ல் அதற்கு ரோமன் ரோலந்தின் பெயரைச் சூட்டினார்கள். யுத்தத்தை எதிர்த்து எழுதிய மனிதர், மாக்சிம் கார்க்கியின் நண்பர், பொருத்தமான பெயர். வண்டியில் கிராமத்துக்குப் புத்தகம் அனுப்பிய நூலகம் அது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1931-ல், மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக ஓட்டினார். எஸ்.ஆர். ரங்கநாதன் வந்து அதைத் தொடங்கிவைத்தார். இரண்டு மாடும் ஒரு வண்டியும் வைத்து அன்றைக்குச் செய்ததை, மோட்டாரும் பெட்ரோலும் இருக்கிற காலத்தில் ஒரு கொள்ளைநோய் வந்தால் செய்ய முடியாதா?

வயதான தோழர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும், தகப்பனார் சொல்லிக் கேட்டிருப்பார்கள். 1934-ல் தோழர் வ. சுப்பையா ‘சுதந்திரம்’ பத்திரிகை தொடங்கினார். 1936 ஜூலை 30-ம் தேதி சவானா மில்லில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் பன்னிரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. எட்டு மணி நேரம் எதற்குக் கேட்டோம்? மிச்ச நேரம் தூங்குவதற்கு மட்டுமா? ஒரு பத்திரிகையை எடுத்து விரித்து உட்காரவும்தான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கலை பண்பாட்டுத் துறைக்குக் கொடுப்பதற்கு ஒரு மனு தயாராக இருக்கிறது. ஐந்து விஷயம் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் வாசகர்கள் தேர்ந்தெடுக்கிற கமிட்டி வேண்டும். அதில் பெண்கள் இருக்க வேண்டும். கொள்ளைநோய், புயல், வெள்ளம் எது வந்தாலும் பத்திரிகையும் புத்தகமும் வாசலிலாவது கிடைக்க வேண்டும். நூலகரை அத்தியாவசிய ஊழியராகக் கருதி முகக்கவசமும் ஊசியும் முதலில் கொடுக்க வேண்டும். பதிவு வேலைகளுக்கு இலவசக் கம்ப்யூட்டர் வேண்டும். நடமாடும் வண்டி, பாகூர் பக்கத்துக் கூலிக்காரர் குடியிருப்பு வரை வரவேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கப் போவதில்லை. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, எங்கள் படிப்பகத்துச் சுவரைச் சுண்ணாம்பு அடிக்கிறோம். இன்னொரு ஜன்னல் திறக்க நூலகரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். கொத்து வேலை தெரிந்த தோழர்கள் கரணையோடு வாருங்கள். மனு அந்த மேஜையின் மேல் இருக்கிறது. கையெழுத்துப் போட வராதவர்கள் ரேகை வைக்கலாம். மை டப்பா செல்வி அக்காவிடம் இருக்கிறது. மழை தூறுகிறது, தாளை நனைத்துவிடாதீர்கள்.