கரையில் கால் வைக்குமுன்



வெயிலுக்குப் பழகிய விக்கிரவாண்டியில் பூகோளம் கற்பித்தவன் நான். தென்துருவப் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கேள்வி எழும்: "ஐயா, குளிர்தானே? இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டால் போதாதா?" போதாது என்பதே விடை. அங்கே குளிரைவிடக் கொடியது காற்று.

நம் உடலை ஒட்டி வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று உண்டு. பலத்த காற்று அதனை உரித்துக்கொண்டு போய்விடுகிறது. வெப்பமானி உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி காட்டும்பொழுது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத முகத்திற்கு அது உறைநிலைக்குக் கீழே 23 டிகிரிபோல உறைக்கும். கடல்நீர் தெறித்துக் கையுறை நனைந்துவிட்டாலோ, விரல்கள் மரத்துப்போக வெகுநேரம் ஆகாது.

இக்காற்று எங்கிருந்து வருகிறது? அண்டார்க்டிகாவின் உட்பகுதி பெரியதொரு பனி மேட்டுநிலம். பல இடங்களில் அதன் உயரம் 3,000 மீட்டருக்கும் மேல். அங்கே குளிர்ந்து கனத்த காற்று, மடை திறந்த வெள்ளம்போலச் சரிவில் இறங்கிக் கடற்கரையை நோக்கிப் பாய்கிறது. ஆகவே, நாம் கால் வைக்க விரும்பும் கரையே காற்றின் பாதையாகவும் அமைந்துவிடுகிறது. 1912 ஜனவரியில் டக்ளஸ் மாசன் என்னும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் டெனிசன் முனையில் இறங்கிய நாள் அமைதியாகவே இருந்தது. அங்கே தங்கிய பின்னரே அவ்விடத்தின் இயல்பு தெரிந்தது. அங்கு ஆண்டின் சராசரிக் காற்றுவேகமே மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர்! அவருடைய குழுவினர் காற்றின்மீது சாய்ந்து நடக்கக் கற்றுக்கொண்டனர்.

நம்மவரும் அக்கரையைக் கண்டிருக்கின்றனர். டாக்டர் சையது ஜகூர் காசிம் தலைமையில் 21 பேர் 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்னும் கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் இறங்கினர். இன்று மைத்ரி, பாரதி என்னும் நிலையங்களில் நம் நாட்டினர் பணிபுரிகின்றனர்.

இக்காலத்தில் ஆராய்ச்சியாளர் மட்டுமின்றிச் சுற்றுலாப் பயணிகளும் ஆயிரக்கணக்கில் செல்கின்றனர். கப்பலைக் கடலில் நிறுத்திவிட்டு, ரப்பர் படகுகளில் கரை சேர்வது வழக்கம். ஒரே வேளையில் ஓரிடத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கலாகாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து எவரும் இறங்கலாகாது. இவை மனிதர் வகுத்த விதிகள். இவற்றுக்கும் மேலான விதி ஒன்றுண்டு. அதனை வகுப்பது வானிலை. காற்று வலுத்தால் அலை எழும்பும்; மிதக்கும் பனிக்கட்டிகள் திரண்டு, கரைக்கும் கப்பலுக்கும் இடையிலுள்ள வழியை அடைத்துவிடும். அதனால்தான் கரையில் இறங்குவோர், திரும்ப இயலாமற்போனால் ஒதுங்குவதற்கெனக் கூடாரமும் உணவும் உடன் கொண்டுசெல்கின்றனர். "திரும்புங்கள்" என்று தலைவர் சொன்னால், பெரும்பொருள் செலவிட்டு வந்தவர் முகம் வாடத்தான் செய்யும். ஆயினும், கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் படகைத் திருப்பச் சொல்லும் துணிவே அங்கு உயிர் காப்பது.

இந்த அறிவு துருவத்திற்கு மட்டும் உரியதன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நம் வட்டாரத்தை உலுக்கியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செண்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பயணிகள் அவதியுற்றனர், எனினும் அந்நிறுத்தம் அறிவுடைய செயல். அதே வெள்ளத்தைக் கரையோரம் நின்று வேடிக்கை பார்க்க விரையும் இளைஞரை நினைக்கும்போதுதான் என் நெஞ்சம் பதறுகிறது.

உங்களுள் சிலர் நாளை அப்பனிக் கரையில் இறங்கக்கூடும்; இறங்க வேண்டும் என்பதே என் விருப்பம். உடல்வலிமையும் ஊக்கமும் உங்களை அதுவரை கொண்டுசேர்க்கும். காற்றின் குறிப்பறிந்து காத்திருக்கவும், வேண்டுமாயின் திரும்பவும் தெரிந்தவரே வீடு வந்து அக்கதையைச் சொல்வர்.