துறைமுகமும் கொழுந்துக் கூடையும்

(திருகோணமலையில் துறைமுகத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மலையிலிருந்து வந்த எங்களுக்கு இந்தக் கடற்காற்று புதிது. இந்தத் துறைமுகம் புதிதல்ல. காலையில் பேரட்டுக்குப் போகும் முன் நாங்கள் சுடுகிற ரொட்டிக்கான மாவில் ஒரு பங்கு இங்கேயுள்ள பிரீமா ஆலையில்தான் அரைபடுகிறது. அதற்கான கோதுமை கப்பலில் வருகிறது. அதை வாங்கும் டொலரில் ஒரு பங்கு எங்கள் கொழுந்துக் கூடையிலிருந்து போகிறது. அதனால் வர்த்தகம் என்பது கொழும்பில் பேசுகிறவர்களின் விஷயம் என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது.

பசிபிக் கடலில் பூகன்வில் என்ற சிறு தீவு மக்கள் 2019இல் வாக்களித்தார்கள். நூற்றுக்கு 98 பேர் தனிநாடு வேண்டும் என்றார்கள். உடனே எழுந்த கேள்வி, எதை விற்றுப் பிழைப்பது என்பதுதான். மூடிக் கிடக்கும் பங்குனா செப்புச் சுரங்கத்தைத் திறப்பதா, வேண்டாமா என்று இன்றும் அங்கே வாதம் நடக்கிறது. இந்தக் கேள்வியை எங்கள் பாட்டன்மார் காலத்திலேயே இலங்கை சந்தித்தது.

1948 பெப்ரவரி 4ஆம் திகதி கொடி ஏறியது. அன்று நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்றிலிருந்தே வந்தது. தோட்டங்களில் பெரும்பகுதி வெள்ளைக்காரக் கொம்பனிகளின் கையில் இருந்தது. இந்தத் துறைமுகமோ, 1947 நவம்பரில் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி பிரித்தானியக் கடற்படையிடமே இருந்தது. அவர்கள் 1957 ஒக்டோபரில்தான் இதைக் கையளித்தார்கள். கொடிக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஒன்பது வருடம் போயிற்று!

எங்களுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. நாட்டுக்குச் சோறு போட்ட ஏற்றுமதியை உண்டாக்கிய கைகள், நாடற்ற கைகள் ஆயின. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சியவர்களின் கதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது.

சிறிய நாடு என்றால் எப்போதும் தலைகுனிந்துதான் நிற்க வேண்டுமா? இல்லை. கொரிய யுத்தம் தணிந்தபோது இறப்பர் விலை விழுந்தது, அரிசி விலை ஏறியது. அப்போது 1952 டிசெம்பரில் இலங்கை சீனாவுடன் ஐந்து வருட ஒப்பந்தம் செய்தது. வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் போகும். 2,70,000 தொன் அரிசி வரும். இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. அமெரிக்கா விரும்பவில்லை. ஆனாலும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க அதைச் செய்து முடித்தார்.

ஆனால் இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது. வெளியே நல்ல பேரம் பேசிய நாட்டிலும் தொழிலாளியின் பானை தானாக நிறைவதில்லை என்பதை அன்று கண்டோம்.

இன்றைக்கு வருவோம். 2022 ஏப்ரலில் இந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்குச் சில மாதம் முன்பு, ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் தீர்க்க உடன்பாடு செய்திருந்தார்கள். கடன் எங்கள் பெயரில் இல்லை. தீர்க்கும் பொருள் எங்கள் விரல் நுனியிலிருந்து போகிறது.

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 எஞ்சியுள்ளன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்க உடன்பட்டன. அந்நியர் வருகிறார்கள் என்று மட்டும் கத்துவது எங்கள் வேலையல்ல. முதலீடு தேவை, வேலை தேவை. ஆனால் நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று: ஒப்பந்தம் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்படுமா?

இரண்டு: வரும் வேலைகளில் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும், மலையிலிருந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் நிரந்தர இடம் உண்டா? அல்லது ஒப்பந்தக்காரன் கையில் நாட்கூலிதானா?

மூன்று: தேயிலை கொண்டு வரும் டொலரில் லயத்துக்குப் பதிலாக ஒரு வீடு, சொந்தக் காணி எப்போது?

ஒரு நாடு தன் காலில் நிற்கிறதா என்பதை அதன் கொடிக்கம்பத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. துறைமுகம் யார் கையில், விலையை யார் வைக்கிறார்கள், உழைத்தவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். கூடையைச் சுமக்கிறவர்களும் கப்பலில் ஏற்றுகிறவர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம். கலைந்து போகும் முன் இந்த மூன்று கேள்விகளையும் ஒரே மனுவாக எழுதி, நாம் எல்லோரும் கையெழுத்திடுவோம்.