கடற்கரையிலிருந்து பொன்மலைக்கு

(ஸ்ரீரங்கத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது ஊரின் பெரியவர்களைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பெருமை பேசுகிற புத்தகம் எதைப் புரட்டினாலும் சில பெயர்கள் தவறாமல் இருக்கும். பக்கத்துத் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர் சி. வி. ராமன். சிறு வயதிலேயே விசாகப்பட்டினக் கடற்கரைக்குப் போய் வளர்ந்தார். 1930-ல் நோபல் பரிசு பெற்றார். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1935-ல் பிறந்து இந்த ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வளர்ந்தவர் எழுத்தாளர் சுஜாதா. இவர்களால் ஊருக்குப் பெருமைதான். அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் கடற்கரைப் பட்டினங்களிலிருந்து இந்தத் திருச்சிக்கு வந்து சேர்ந்த இன்னொரு கூட்டம் உண்டு. தகரப் பெட்டியும் சுத்தியலும் கைக்குழந்தையுமாக வந்தவர்கள் அவர்கள். புத்தகத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே அவர்களைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியின் பெரிய பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. கடலோரத்துப் பிள்ளைகள் அங்கேதான் இரும்பு வேலை கற்றார்கள். கொல்லன், பிட்டர், பாய்லர் வேலைக்காரன் என்று குடும்பம் குடும்பமாக அதை நம்பிப் பிழைத்தார்கள். கம்பெனி பொன்மலையில் புதுப் பட்டறை கட்டியது. 1928-ல் நாகப்பட்டினத்துப் பட்டறை இங்கே மாறியது.

பட்டறையோடு ஆட்களையும் அப்படியே கொண்டுவந்தார்களா? அதுதான் இல்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கழித்துக்கட்டத் திட்டம் போட்டார்கள். அதற்கு ஒரு தந்திரமும் செய்தார்கள். கைத்திறனைப் பரீட்சை பார்ப்போம், தேறாதவன் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வருஷக்கணக்கில் என்ஜினைப் பிரித்துப் பூட்டியவனுக்கு வேலை தெரியுமா என்று புதிதாக ஒரு பரீட்சை! ஆலைத் தோழர்களே, "உன் வேலை சரியில்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் என்ன ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். கம்பெனி பட்டறைகளைக் கதவடைத்தது. 1928 ஜூலையில் அது பொது வேலைநிறுத்தமாக வெடித்தது. அப்போது அவர்களுக்குத் துணை நின்றவரும் ஒரு கடற்கரைக்காரர்தான். சென்னை அயோத்திகுப்பத்தில் 1860-ல் மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் அவர். வக்கீல் தொழிலை உதறிவிட்டு வந்தவர். 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர். வேலைநிறுத்தத்தின்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. மற்றவர்கள் திண்ணையில் சாய்ந்திருக்கும் வயதில் அவர் ரயில்வேத் தொழிலாளர்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்.

சர்க்கார் போலீசை ஏவியது. தலைவர்களைச் சிறையில் அடைத்தது. ஜூலை 30-ம் தேதியோடு வேலைநிறுத்தம் முடிந்தது. சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். பின்னர் தண்டனை குறைக்கப்பட்டு 1930-ல் சிங்காரவேலர் விடுதலையானார்.

நாம் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் போராட்டம் தோற்றது. சங்கம் சிதறியது. வேலை போனவர்களின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆனாலும் விதைநெல் மண்ணுக்குள் போய்விட்டது. வயலில் நிற்கிற உங்களுக்கு நாங்கள் அதை விளக்க வேண்டியதில்லை.

அந்த விதை முளைத்த கதையையும் கேளுங்கள்.

காரைக்காலுக்கு அருகே கோவில்பத்து. அங்கே 1931-ல் தனலட்சுமி என்றொரு பெண் குழந்தை பிறந்தது. தகப்பனார் இறந்துபோனார். தாயார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பொன்மலைக்கு வந்தார். தொழிலாளர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டுப் பிழைத்தார். சாப்பிட வந்த தொழிலாளர்கள் அந்தச் சிறுமியைப் "பாப்பா" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பின்னாளில் ஊரறிந்த பாப்பா உமாநாத் அவர்தான்!

எந்தக் கல்லூரியிலும் அவர் அரசியல் படிக்கவில்லை. சோற்றுப் பந்தியில் தொழிலாளர்கள் பேசியதைக் கேட்டு வளர்ந்தார். பதினைந்து வயது நிரம்புமுன்பே ஊர்வலத்தில் போய்க் கைதானார். வயது போதாது என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு 1946 வந்தது. ரயில்வேத் தொழிலாளர்கள் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 5-ம் தேதி பொன்மலைச் சங்கத் திடலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். நாடு விடுதலையடைய ஓராண்டுகூட இல்லை. அந்த விடுதலையைப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ல் பொன்மலையில் செங்கொடி ஏறுவது இவர்களுக்காகத்தான்.

1948-ல் கட்சியைச் சர்க்கார் தடை செய்தது. அதைத் தொடர்ந்த அடக்குமுறையில் தாயும் மகளும் சிறைக்குப் போனார்கள். சிறைக்குள்ளே உண்ணாவிரதம் நடந்தது. அதிலே தாயார் உயிர் நீத்தார். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடு, தாயின் உடலைப் பார்க்க விடுகிறோம் என்று அதிகாரிகள் மகளிடம் சொன்னார்கள்.

தாய்மார்களே, ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். பெற்றவள் சில அடி தூரத்தில் கிடக்கிறாள். ஒரு கையெழுத்துப் போட்டால் முகம் பார்க்கலாம். மகளுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. அவர் கையெழுத்துப் போடவில்லை. தாயின் முகத்தையும் பார்க்கவில்லை.

வெளியே வந்தபின் ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டினார். ஜனநாயக மாதர் சங்கத்தை வளர்த்தவர்களில் முன்னணியில் நின்றார். 1989-ல் திருவெறும்பூர்த் தொகுதி மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2010 டிசம்பர் 17-ல் திருச்சியிலேயே மறைந்தார்.

ஆனால் தோழர்களே, பாப்பாவின் பெயர் நமக்குத் தெரியும். அவருக்கு அந்தப் பெயரை வைத்த தொழிலாளர்கள் யார்? நாகப்பட்டினத்திலிருந்து வந்து, பரீட்சையில் கழிக்கப்பட்டு, எங்கோ கூலிக்குப் போன அந்தப் பிட்டர் யார்? அவனுடைய பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். ஒருவேளை அவர்களுக்கே அந்தக் கதை தெரியாமல் இருக்கலாம்.

முதலாளி தன் பெயரைக் கட்டிடத்தில் கல்லாகப் பதித்துவிடுகிறான். நமது பெயர்களோ கிழவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. கிழவர் போனால் பெயரும் போகிறது. ஆகவே இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டனைக் கேளுங்கள், பாட்டியைக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தப் போராட்டத்தில் யார் வேலை இழந்தார், யார் உலை வைத்துக் கொடுத்தார் என்று கேளுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த செப்டம்பர் 5-ல் அந்த நோட்டுகளோடு பொன்மலைத் திடலுக்கு வாருங்கள். அங்கே ஒவ்வொரு பெயராக உரக்கப் படிப்போம்.

நமது ஊரின் பெரியவர்கள் யார் என்ற கேள்விக்கு அன்றைக்கு நாம் முழுப் பதில் சொல்லலாம்.