வீட்டு இணைய இணைப்பும் நம் பொறுப்பும்

(ஊராட்சி ஒன்றிய மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வெயிலில் வந்தவருக்குத் திண்ணையும் தண்ணீரும் அளிப்பது நம் ஊர்களின் பண்பு. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, நம்மில் பலர் அதே பண்புடன் வீட்டு வைஃபை இணைப்பை அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும் அளித்தோம். அது நற்செயலே. ஆயினும், அன்று நாம் கூறிய கடவுச்சொல் இன்று யார் யாரிடம் உள்ளது என்று நம்மால் கூற இயலுமா?

தண்ணீர் அருந்தியவர் தம் வழியே சென்றுவிடுவார். அவர் பின்னர்ச் செய்வதற்கு நாம் பொறுப்பல்லோம். இணைய இணைப்போ நம் பெயரில் பதிவாகியுள்ளது. நம் வீட்டு ரூட்டரில் எத்தனை கைப்பேசிகள் இணைந்தாலும், வெளியுலகிற்கு அவை பெரும்பாலும் ஒரே முகவரியாகவே தோன்றும். தெருவில் நின்று ஒருவர் மோசடி செய்தாலும், மிரட்டல் அனுப்பினாலும், விசாரணை முதலில் நம் வாயிலுக்கே வரும்.

இது வீண் அச்சமன்று. 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் தொடர் குண்டு வெடிப்புகள் நிகழ்ந்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் வந்த மின்னஞ்சலின் தடத்தைப் பின்பற்றிய காவல் துறையினர், நவி மும்பையில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் இல்லத்தை அடைந்தனர். அவருடைய வைஃபை பாதுகாப்பின்றி இருந்தது. வேறு எவரோ அதைப் பயன்படுத்தியிருந்தனர். அவருக்குத் தொடர்பில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும், அதற்குள் அவர் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளை அடுத்து, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்து 2009இல் மத்திய தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல்கள் வழங்கியது.

மற்றோர் அபாயமும் உண்டு. நம் இணைப்பிற்குள் நுழைந்தவர், அதனுடன் பிணைந்துள்ள நம் கணினியையும் கண்காணிப்புக் கேமராவையும் எட்ட முயலக்கூடும்.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவதாக, வைஃபை கடவுச்சொல்லை உடனே மாற்றுதல் வேண்டும். கைப்பேசி எண்ணையோ குழந்தையின் பெயரையோ வைத்தல் ஆகாது. இரண்டாவதாக, ரூட்டரின் அமைப்புகளைத் திறக்கும் கடவுச்சொல் வேறு. தொழிற்சாலையில் இட்டதை அப்படியே விடாது அதனையும் மாற்றுதல் அவசியம். மூன்றாவதாக, டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பு முறை இயங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். நான்காவதாக, விருந்தினருக்கெனத் தனி இணைப்பு அமைக்கும் வசதி பல ரூட்டர்களில் உண்டு. அறிந்தவர்க்கு மட்டும் அதை அளித்து, தேவை முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

ஊர் முழுவதற்கும் இணைய வசதி அளிக்க விரும்பும் கடைக்காரர்களுக்கும் குழுக்களுக்கும் நேர்வழி ஒன்று உண்டு. மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த பி.எம்.-வாணி திட்டத்தின்படி, உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை நிலையம் நடத்தலாம். அதில் பயன்படுத்துவோர் தம்மைப் பதிவு செய்துகொண்ட பின்னரே இணைய முடியும்.

எனவே, கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுப்போம். கடவுச்சொல்லை மாற்றும் முறை அறியாதோர், வீட்டிலுள்ள பிள்ளைகளைத் துணைக்கு அழைத்து, இன்று மாலையே அப்பணியை முடிப்பீர்களாக.