பேட்டரியை மாத்த விடாத ரெண்டு வரி கோட்

இன்னைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தோட 2023 பேட்டரி சட்டம் பத்திப் பேசலாம். அதோட 11-வது பிரிவு 2027 பிப்ரவரி 18 முதல் அமலுக்கு வருது.

ஹெட்போன், ஸ்பீக்கர் மாதிரி பொருள்கள்ல இருக்கிற பேட்டரியை வாங்கினவங்களே கழட்டி மாத்த முடியணும். சூடாக்கியோ கரைப்பான் ஊத்தியோ பிரிக்கிற மாதிரி ஒட்டி வைக்கக்கூடாது. அந்த மாடல் சந்தைக்கு வர்றது நின்ன பிறகும் 5 வருஷத்துக்கு மாத்து பேட்டரி நியாயமான விலையில கிடைக்கணும். ஸ்மார்ட்போனுக்குத் தனி விதி: 1,000 தடவை சார்ஜ் ஆன பிறகும் 80% கொள்ளளவு இருக்கணும்ங்கிறது உட்பட சில நிபந்தனைகளை நிறைவேத்தினா விலக்கு உண்டு.

என்னை யோசிக்க வெச்சது இன்னொரு வரி. பொருத்தமான வேற பேட்டரி போடுறதைத் தடுக்க மென்பொருளைப் பயன்படுத்தக்கூடாதாம்! சட்டம்னா லீகல் டீம் பாத்துக்கும்னுதான் நம்ம கோட் எழுதுறவங்க நினைப்போம். ஆனா 'சீரியல் நம்பர் பொருந்தலையா, ஆன் ஆகாதே'ன்னு எழுத ரெண்டு வரி போதும். நல்லா இருக்கிற பொருள் குப்பைக்குப் போயிடும்.

"பாதுகாப்புக்காக"ன்னு சொல்லலாம். மட்டமான லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், உண்மைதான். அதுக்கு வெப்பத்தையும் வோல்டேஜையும் சோதிக்கணும். யார் வித்ததுன்னு சோதிச்சா போதாது.

இந்தியாவோட 2022 பேட்டரி கழிவு விதிகள், பழைய பேட்டரியைச் சேகரிச்சு மறுசுழற்சி செய்ற பொறுப்பை உற்பத்தியாளர்கிட்ட கொடுக்குது. அது தூக்கிப்போட்ட பிறகு நடக்கிற வேலை. தூக்கிப்போடாம இருக்க வழி, டிசைன்லயே இருக்கு.

அடுத்த ஸ்பிரிண்ட்ல இப்படி ஒரு டிக்கெட் வந்தா, "எதுக்காகத் தடுக்கிறோம்?"னு கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் சொல்லுங்க!