எத்தனை ஓர்க்கைக் கொன்னா ஒருத்தர் ஹீரோ?

ஃபேன்டசி ஆர்பிஜி விளையாடுற எல்லாருக்கும் எப்பவாவது ஒரு தடவை தோணி, உடனே மறந்துபோற ஒரு கேள்வியைத்தான் இன்னைக்கு எடுத்துக்கப் போறோம். நாம ஹீரோ, ஊரைக் காப்பாத்த வந்தவங்க. ஆனா கேம் முடியும்போது கணக்குப் பார்த்தா நூத்துக்கணக்கான உயிர் நம்ம கையால போயிருக்கும். அதுல பாதி நம்மகிட்ட வம்புக்கே வந்ததில்ல. அதுங்க பாட்டுக்குக் குகைக்குள்ள சமைச்சுக்கிட்டு இருந்தது, நாமதான் கதவை உடைச்சிக்கிட்டு உள்ள போனோம்.

கேம்ல கொன்னா நிஜத்துலயும் கொல்லுவாங்களான்னு ஒரு விவாதம் இருக்கு. அது டிவி சேனல்காரங்க பலமுறை மென்னு துப்பினது, அதுக்குள்ள நான் போகல. எனக்கு இருக்கிற கேள்வி வேற. அந்தக் கதைக்குள்ள, அந்த உலகத்தோட நியாயப்படியே பார்த்தாலும், இந்த ஹீரோ செய்யுறது சரியா?

இதுக்கு ஆரம்பத்துக்கே போகணும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வெளியானது. அது போர் விளையாட்டுகளில் இருந்து பிறந்தது. மேஜை மேல சின்னச் சின்னப் படைகளை வெச்சு நகர்த்துற விளையாட்டு அது. அங்க எதிரி என்பது ஒரு எண்ணிக்கைதான். அவனுக்கு அம்மா இருக்காங்களான்னு யாரும் கேட்க மாட்டாங்க.

ஆனா பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. அந்தப் பழைய விதிகளில் எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் பெரும்பாலும் கொல்றதுக்குக் கிடைக்கல, தங்கத்துக்குக் கிடைச்சது. ஒரு தங்கக் காசைப் பத்திரமா வெளிய கொண்டுவந்தா ஒரு பாயின்ட். ஒரு ஓர்க்கைக் கொன்னா கிடைக்கிறது அதோட ஒப்பிட்டா சில்லறைக் காசு. நம்ம ஆளுக்கோ நாலஞ்சு ஹிட் பாயின்ட்தான், ஒரே அடியில செத்துருவான். அப்ப புத்திசாலி என்ன பண்ணுவான்? பதுங்கிப் போவான், பேரம் பேசுவான், ஏமாத்துவான், ஓடுவான். சண்டை கடைசி வழி.

அதுக்கு ஏத்த மாதிரி இன்னும் ரெண்டு விதி இருந்தது. முதலாவது ரியாக்‌ஷன் ரோல். ஒரு ஜந்துவைப் பார்த்ததும் கேம் நடத்துறவர் ரெண்டு பகடை உருட்டுவார். அது உடனே பாயலாம், தயங்கலாம், சிநேகமாகூட பேசலாம். ரெண்டாவது மொரால். கூட்டத்துல ஒருத்தன் விழுந்தாலோ, பாதிப் பேர் விழுந்தாலோ, மிச்சம் இருக்கிறவங்க நின்னு சண்டை போடுவாங்களா ஓடுவாங்களான்னு பகடையே முடிவு பண்ணும். அதாவது எதிரிக்கும் பயம் இருந்தது, அவன் சரணடையலாம். ஒருத்தன் ஆயுதத்தைக் கீழ போட்டுட்டு நின்னா, அடுத்து என்ன பண்ணணும்ங்கிற பொறுப்பு நம்ம தலையில விழுது.

பின்னாடி வந்த பதிப்புகளில் தங்கத்துக்குப் பாயின்ட் என்பது ஓரம்கட்டப்பட்டது. 1989-ல வந்த இரண்டாம் பதிப்புல அது விருப்பப்பட்டா வெச்சுக்கலாம்ங்கிற விதி ஆயிடுச்சு. கம்ப்யூட்டர் கேம்ஸ்ல வேலை இன்னும் சுலபம். கொலையை எண்ணுறது நிரலுக்கு ரொம்ப எளிது, பேச்சுவார்த்தையை எண்ணுறது கஷ்டம். அதனால எண்ண முடிஞ்சதுக்கே பரிசுன்னு ஆச்சு. நாம கொலைகாரனா மாறினதுக்குப் பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லைங்க, பெரும்பாலும் இந்தக் கணக்கு வழக்குதான்.

இப்ப எழுபதுகளின் கடைசியில் வந்த 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்கிற சாகசத்தை எடுத்துக்கோங்க. ஆரம்பநிலைப் பெட்டியோடவே வந்ததால ஒரு தலைமுறையே அதை வெச்சுத்தான் விளையாடக் கத்துக்கிட்டது. எல்லையில ஒரு கோட்டை, பக்கத்துல ஒரு பள்ளத்தாக்கு. அதுல கோபால்ட், கோப்ளின், ஓர்க்னு இனத்துக்கு ஒரு குகை. (கோபால்ட்னா ரசாயனம் இல்ல, நாய் முகம் வெச்ச குள்ள ஜந்து.) அந்தக் குகைகள்ல காவலாளி எத்தனை பேர்னு எழுதியிருந்த மாதிரியே, சண்டை போடாத பெண்கள் எத்தனை, குட்டிகள் எத்தனைன்னும் எழுதியிருந்தது.

அங்கதான் பிரபலமான அந்தச் சிக்கல் பிறந்தது. குழுவுல ஒரு பாலடின் இருக்கான், தர்மத்துக்கு வாக்குக் கொடுத்த வீரன். பெரியவங்க எல்லாரையும் வெட்டியாச்சு. மூலையில ஓர்க் குட்டிங்க ஒண்டிக்கிட்டு நிக்குது. "பொறப்புலயே தீயதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு, கொல்லு" என்பான் ஒருத்தன். "குழந்தையைக் கொல்றவன் என்னடா பாலடின்" என்பான் இன்னொருத்தன். எத்தனையோ மேஜைகள்ல இந்தச் சண்டையிலேயே ராத்திரி முடிஞ்சிருக்கு. என் கருத்தைக் கேட்டா, குட்டிகிட்ட வந்ததும் கேள்வி கேட்குறவன் கொஞ்சம் லேட்டா வந்தவன். அதோட அப்பாவை வெட்டும்போதே அந்தக் கேள்வி அங்க நின்னுக்கிட்டு இருந்தது.

'பொறப்புலயே தீய இனம்'ங்கிற யோசனையைப் பலரும் டோல்கீன் தலையில கட்டுவாங்க. பாதி உண்மை. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'ல ஹெல்ம்ஸ் டீப் போர்ல லெகோலஸும் கிம்லியும் யார் அதிகம் கொன்னதுன்னு போட்டி போட்டு எண்ணுவாங்க. கிம்லி 42, லெகோலஸ் 41. இன்னைக்கு ஸ்க்ரீன் ஓரத்துல ஓடுற கில் கவுன்ட்டுக்கு அதுதான் தாத்தா. ஆனா அதே டோல்கீனுக்குக் கடைசி வரைக்கும் இது உறுத்திக்கிட்டே இருந்தது. அவர் ஆழமான கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவர். தீமையால எதையும் படைக்க முடியாது, இருக்கிறதைக் கெடுக்கத்தான் முடியும் என்பது அவர் பிடிப்பு. அப்படின்னா ஓர்க் எங்கிருந்து வந்தது? கெடுக்கப்பட்ட எல்ஃபா, மனுஷனா, வெறும் மிருகமா? மாத்தி மாத்தி எழுதிப் பார்த்தார், முடிவுக்கு வரவே இல்ல. அவர் மறைவுக்குப் பிறகு 1993-ல் வெளியான குறிப்புகளில் ஒண்ணு ரொம்ப முக்கியம்: ஓர்க் சரணடைஞ்சு கருணை கேட்டா, நமக்கு நஷ்டமே வந்தாலும் கொடுத்தே ஆகணும் என்கிறார். இதைக் கேட்டதும் எனக்குப் பழைய மொரால் பகடைதான் ஞாபகம் வந்தது. சரணடையத் தெரியாத எதிரியை வடிவமைச்சா, கருணை காட்டுற வாய்ப்பையே நாம ஹீரோகிட்ட இருந்து பிடுங்கிடறோம்.

கம்ப்யூட்டர் பக்கம் இதை முதல்ல தீவிரமா எடுத்துக்கிட்டவர்னு ரிச்சர்ட் காரியட்டைச் சொல்லலாம். 1985-ல வந்த அவரோட அல்டிமா 4-ல கடைசியா கொல்லவேண்டிய வில்லனே கிடையாது. கருணை, நேர்மை, வீரம்னு எட்டு நற்குணங்கள்ல தேறணும், அவ்வளவுதான். மூலிகை விக்கிற அம்மாவுக்குக் கண் தெரியாது, எவ்வளவு காசு கொடுக்கிறோம்னு நாமதான் அடிக்கணும். குறைச்சுக் கொடுத்தா கடையில ஒண்ணும் நடக்காது, உள்ளுக்குள்ள நேர்மை குறையும். பாம்பு மாதிரி, தீயதா இல்லாம வெறும் மிருகமா இருக்கிறதைத் துரத்திக் கொன்னாலும் கணக்குல ஏறும்.

1988-ல அல்டிமா 5. ஒரு பாதாள அறையில கூண்டுக்குள்ள குழந்தைகள். திறந்துவிட்டா நம்மளையே தாக்குதுங்க. கேமை சோதிச்சவர் ஒருத்தர் இதைப் பார்த்துக் கொதிச்சுப் போய் எதிர்ப்புத் தெரிவிச்சார், காரியட்டோட குடும்பத்துக்குள்ளயே எடுத்துடச் சொன்னாங்க. அவர் எடுக்கல. தூங்கவைக்கிற மந்திரம் இருக்கு, வசியம் இருக்கு, வந்த வழியே திரும்பிப் போகலாம், குழந்தையைக் கொல்லணும்னு கேம் எங்கயும் சொல்லலயே என்பது அவர் வாதம். எனக்கு அந்த வாதம் முழுசா ஏற்பில்ல. ஆயிரம் தடவை வாளை வீசப் பழக்கிட்டு, ஆயிரத்து ஒண்ணாவது தடவை "ஏன் வீசினே"ன்னு கேட்குறது கொஞ்சம் போங்காட்டம். இருந்தாலும், ஒரு நிமிஷம் கையை நிறுத்த வெச்சார் பாருங்க, அது சாதாரண விஷயம் இல்ல.

அந்தப் போங்காட்டத்தையே முழு கேமா ஆக்கினது டோபி ஃபாக்ஸின் அண்டர்டேல், 2015. விளையாடாதவங்க அடுத்த ரெண்டு நிமிஷம் தாண்டிப் போயிடுங்க, ஸ்பாய்லர் இருக்கு. அதுல ஒவ்வொரு எதிரியையும் கொல்லாமலே தாண்டலாம். தவளை மாதிரி ஒண்ணு வரும், அதைப் புகழ்ந்தா வெட்கப்பட்டு விலகிடும். யாரையுமே கொல்லலன்னா கடைசி வரைக்கும் முதல் லெவல்தான், இருபது ஹிட் பாயின்ட்தான். கருணைக்கு விலை உண்டுன்னு டோல்கீன் சொன்னதை இங்க எண்ணாகவே வெச்சிருக்காங்க. கடைசியில ஒரு எலும்புக்கூடு நமக்கு விளக்கும்: நீ இவ்வளவு நேரம் சேர்த்த எக்ஸ்பி அனுபவம் இல்லப்பா, நீ கொடுத்த மரண தண்டனைகளோட கணக்குன்னு. எல்லாரையும் தேடித் தேடிக் கொல்ற வழியும் இருக்கு. ஆனா அது அலுப்பான வேலை. காலியான பாதைகள்ல ஆள் தேடி அலையணும். அப்படி முடிச்சவங்க திரும்ப நல்லவனா விளையாடினாலும் முடிவு கறைபட்டே வரும், பழைய சேவ் பண்ணின கணக்கு எல்லாம் அதுக்கு ஞாபகம் இருக்கு.

பெரிய பட்ஜெட் கேம்ஸ் இவ்வளவு தைரியமா இல்ல. ஸ்கைரிம்ல பார்தூர்னாக்ஸ்னு ஒரு கிழ டிராகன். ஒரு காலத்துல மனுஷங்களுக்கு எதிரா கொடுமை பண்ணின கூட்டத்துல இருந்து, பிறகு மாறி, மனுஷங்களுக்கே வித்தை சொல்லிக் கொடுத்து, மலை உச்சியில தவம் இருக்கு. பிளேட்ஸ் அமைப்பு வந்து, பழைய குற்றத்துக்காக அதைக் கொல்லு, இல்லன்னா உனக்கு உதவி கிடையாதுங்குது. மறுத்துப் பேசி அவங்களைச் சம்மதிக்க வைக்க வழியே இல்ல. ரசிகர்களே ஒரு மாட் செஞ்சு அந்த வழியைச் சேர்த்தாங்க. அதே ஆளுங்க அந்த மலைக்கு ஏறுற வழியில நாற்பது கொள்ளைக்காரனை வெட்டிட்டுத்தான் போயிருப்பாங்க! பேர் இருக்கு, குரல் இருக்கு, கதை இருக்கு என்பதால டிராகனுக்கு இரக்கம். 'கொள்ளைக்காரன்'னு மட்டும் தலைக்கு மேல போட்டிருந்தா இரக்கம் கிடையாது.

2020-ல டி அண்ட் டி நிறுவனமே ஓர்க், டிரோ இனங்களை மொத்தமா தீயவங்களா காட்டுறதை மாத்துறோம்னு அறிவிச்சது. பழைய ஆட்கள் சிலருக்குக் கோபம், நிம்மதியா ஒரு எதிரியை அடிக்க விடமாட்டேங்கிறாங்களேன்னு. அவங்க பக்கமும் எனக்குப் புரியுது. அலுத்துப்போய் வெள்ளிக்கிழமை ராத்திரி உட்காருறவன் நீதிமன்றம் நடத்த வரல. அப்படிப்பட்ட மேஜைக்கு எலும்புக்கூடும் பேயும் இருக்கவே இருக்கு, அதை எவ்வளவு வேணா அடிங்க.

கேம் நடத்துறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா ஒரே ஒரு யோசனை. அடுத்த வாரம் எக்ஸ்பியைக் கொலைக்குக் கொடுக்காம, பிரச்சினை தீர்ந்ததுக்குக் கொடுத்துப் பாருங்க, எப்படித் தீர்த்தாலும் சரி. கூடவே அந்த மொரால் பகடையையும் உருட்டுங்க. பாதிச் சண்டையில ஒரு கோப்ளின் ஈட்டியைக் கீழ போட்டுட்டுக் கையைத் தூக்கட்டும். உங்க ஆளுங்க என்ன பண்றாங்கன்னு பாருங்க. எங்க குழுவுல அவனைக் கட்டிப்போட்டாங்க, பேர் கேட்டாங்க, மூணு வாரத்துல அவன்தான் சமையல்காரன். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா போடுறான்.